விலை போகாத முதல் பொறி

1931-ஆம் ஆண்டு, அக்டோபர் 21-ஆம் நாள் இரவு. அமெரிக்க நாட்டிலே ஊர் ஊராக விளக்குகள் அணைந்தன. மின்சார நிலையம் பழுதாகிவிட்டதா? இல்லை. வேலை நிறுத்தமா? அதுவும் இல்லை. மக்களே எழுந்து சென்று, தம் கையாலேயே விசையைத் திருப்பி, சிறிது நேரம் இருட்டிலே அமர்ந்திருந்தனர். மூன்று நாட்களுக்கு முன் கண்மூடிய முதியவர் ஒருவரை அன்றுதான் அடக்கம் செய்திருந்தனர். நாட்டுக்கு வெளிச்சம் தந்தவருக்கு நாடு இருளால் வணக்கம் செலுத்திற்று! குடியரசுத் தலைவர் ஹூவர் விடுத்த வேண்டுகோள் அது.

தாமஸ் ஆல்வா எடிசன். இந்தப் பெயரைக் கேட்டறியாத பள்ளிப் பிள்ளை இல்லை. மின் விளக்கு அவருடையது, பாட்டுப் பெட்டி அவருடையது, படம் ஓடும் கருவியிலே பெரும் பங்கு அவருடையது என்று பாடப் புத்தகம் சொல்லும். அமெரிக்க அரசிடமிருந்து 1093 காப்புரிமைகள் பெற்ற மனிதர். அந்த நீண்ட பட்டியலின் தலைமாட்டிலே, முதல் வரியிலே, என்ன இருக்கிறது தெரியுமா, தோழர்களே? விளக்கு அல்ல. பாட்டுப் பெட்டி அல்ல. வாக்குகளைப் பதிவு செய்யும் பொறி!

1869 ஜூன் 1-ஆம் நாள், 90,646 என்ற எண்ணிலே அந்தக் காப்புரிமை வழங்கப்பட்டது. அப்போது எடிசனுக்கு வயது 22. பொறி நன்றாக வேலை செய்தது. ஆனால் வாங்க ஆளில்லை. ஒரே ஒரு சட்டமன்றம்கூட வாங்கவில்லை.

விளக்கின் கதையை விளக்கமாக எழுத ஏராளமானோர் உளர். நாம் இந்த விலை போகாத பொறியைப் பற்றி எழுதுகிறோம். காரணம் இருக்கிறது. வாக்காளர் பட்டியலை மடியிலே வைத்துக்கொண்டு, விடியற்காலை முதல் சாவடியிலே உட்காருபவர்கள் நமது தோழர்கள். எண்ணும் மேசையருகே, பசி மறந்து, கண் இமைக்க மறந்து நிற்பவர்கள். ஒரு வாக்கு என்பது எத்தனை நடை, எத்தனை பேச்சு, எத்தனை இரவு விழிப்பு என்பதை அறிந்தவர்கள். வாக்கை எண்ணுவதற்கு ஒரு பொறி செய்யப் புறப்பட்ட இளைஞனிடம் அவர்களுக்குத் தனி அக்கறை இருக்கத்தான் செய்யும்.

கதையை அவருடைய தந்தையிலிருந்து தொடங்க வேண்டும். சாமுவேல் எடிசன் கனடாவிலே வாழ்ந்தவர். அந்நாளில் கனடா வெள்ளையர் பேரரசின் குடியேற்ற நாடு. மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்று இருந்தது. ஆனால் ஆட்சியோ, ஆளுநரும் அவரைச் சுற்றியிருந்த சில பணக்காரக் குடும்பங்களும் வைத்ததுதான் சட்டம் என்ற முறையில் நடந்தது. மன்றம் தீர்மானம் போடும். மேலே உள்ளவர்கள் மூலையிலே வீசுவார்கள். மக்கள் மன்றத்துக்கு ஆட்சி பதில் சொல்ல வேண்டும் என்று கேட்டு, 1837-இல் மெக்கன்சி என்ற பத்திரிகையாளர் கலகக் கொடி தூக்கினார். ஆம், பத்திரிகையாளர்! கலகம் தோற்றது. இருவர் தூக்குமரம் ஏறினர். பலர் எல்லை தாண்டித் தப்பினர். அப்படித் தப்பி அமெரிக்கா வந்தவர்களில் ஒருவர் சாமுவேல் எடிசன். வாக்குக்கு மதிப்பு வேண்டும் என்று கேட்டதற்காக நாடு இழந்த அந்த மனிதரின் பிள்ளை, ஒஹையோ மாநிலத்து மிலன் என்ற சிற்றூரில் 1847 பிப்ரவரி 11-ஆம் நாள் பிறந்தான்.

பள்ளிக்கூடம் அவனுக்குச் சில மாதங்கள்தான். மந்த புத்தி என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். தாய் நான்சி முன்பு ஆசிரியையாக இருந்தவர்; பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைத்துப் படிப்பித்தார். மந்தம் என்று தள்ளப்பட்ட பிள்ளை, பெரியவர்களும் புரட்டத் தயங்கும் புத்தகங்களைப் புரட்டத் தொடங்கினான். தகுதி, திறமை என்று தராசு தூக்கித் தலைகளை நிறுத்துப் பார்ப்பவர்கள் இந்த இடத்திலே சற்று நின்று யோசிப்பது நல்லது.

12-ஆம் வயதிலே வேலை. போர்ட் ஹூரன் நகரிலிருந்து டெட்ராய்ட் நகருக்குப் போகும் ரயிலிலே பத்திரிகை, மிட்டாய், பழம் விற்கும் வேலை. கட்சி ஏட்டைக் கட்டுக் கட்டாகத் தோளிலே சுமந்து ரயிலடியிலே விற்ற தோழர்கள் நம்மிடையே உண்டல்லவா? அவர்களுடைய இனம் இந்தப் பையன்! அமெரிக்காவிலே அப்போது உள்நாட்டுப் போர். அடிமை முறை ஒழிப்பா, நீடிப்பா என்ற கேள்வியிலே தொடங்கி, வடக்கும் தெற்கும் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த காலம். 1862 ஏப்ரலில் ஷைலோ என்ற இடத்திலே பெரும் போர். செய்தி வந்ததும் பையன் என்ன செய்தான்? தந்தி ஊழியரைப் பிடித்து, வழியிலுள்ள நிலையங்களுக்கெல்லாம் போர்ச் செய்தியின் தலைப்பை முன்கூட்டியே தந்தி மூலம் அனுப்பச் செய்தான். பத்திரிகை ஆசிரியரிடம் கெஞ்சிக் கடனுக்கு ஆயிரம் பிரதிகள் வாங்கினான். நிலையத்துக்கு நிலையம் கூட்டம் காத்திருந்தது. விலையும் நிலையத்துக்கு நிலையம் ஏறியது! தந்திக் கம்பியின் வலிமையை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டான்.

அதே ஆண்டில், ஓடுகின்ற ரயிலின் சாமான் வண்டியிலே சிறிய அச்சுக் கருவியை வைத்து ஒரு வார இதழும் நடத்தினான். எழுதியவன் அவன், எழுத்துக் கோத்தவன் அவன், அச்சடித்தவன் அவன், விற்றவனும் அவன். ஆசிரியர் குழுவிலே கருத்து வேற்றுமைக்கு இடமே இல்லை! அதே வண்டியிலே இரசாயனச் சோதனையும் செய்யப் போய் ஒரு நாள் தீப்பிடித்துக்கொள்ள, கண்டக்டர் அவனையும் அவன் குப்பிகளையும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார். ஏறக்குறைய அந்த வயதிலேயே காது மந்தமாயிற்று. வாழ்நாள் முழுதும் அந்தக் குறை நீங்கவில்லை.

ஒரு நாள், நிலைய அதிகாரியின் குழந்தை தண்டவாளத்திலே விளையாடிக் கொண்டிருக்க, பெட்டி ஒன்று உருண்டு வந்தது. பாய்ந்து சென்று குழந்தையைத் தூக்கினான் எடிசன். கைம்மாறாக அந்தத் தந்தை காசு தரவில்லை. அவரிடம் அது இல்லை. தமக்குத் தெரிந்த தொழிலைத் தந்தார். தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார்.

அதன் பிறகு ஐந்தாறு ஆண்டுகள் ஊர் ஊராக அலைந்த தந்தி ஊழியர். ஸ்ட்ராட்ஃபோர்டு, இண்டியானாபொலிஸ், சின்சினாட்டி, மெம்ஃபிஸ், லூயிவில். இரவு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பகலிலே படிப்பு, சோதனை. ஊதியத்திலே பாதி புத்தகத்துக்கும் கம்பிக்கும் போய்விடும். 1868-இல் பாஸ்டன் நகரிலே வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பெனியில் வந்து சேர்ந்தார். பத்திரிகைகளுக்குச் செய்தி வாங்கித் தரும் கம்பியிலே வேலை. தலைநகர் வாஷிங்டனிலிருந்து காங்கிரஸ் எனப்படும் அந்நாட்டுப் பாராளுமன்றத்தின் நடவடிக்கைகள் அந்தக் கம்பி வழியாகத்தான் வந்து கொட்டும்.

அந்த 1868-ஆம் ஆண்டு அங்கே எப்படிப்பட்ட ஆண்டு! குடியரசுத் தலைவர் ஜான்சனைப் பதவியிலிருந்து நீக்க வேண்டும் என்று குற்றம் சாட்டி, செனட் சபையிலே விசாரணை. மே 16-ஆம் நாள் வாக்கெடுப்பு. ஒவ்வோர் உறுப்பினராகப் பெயர் சொல்லி அழைக்க, ஒவ்வொருவராக எழுந்து, குற்றவாளி அல்லது குற்றவாளி அல்ல என்று கூற வேண்டும். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நீக்க வேண்டும் என்றவர் 35, கூடாது என்றவர் 19. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைவு! தலைவர் தப்பினார். ஒரு வாக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டலாம்.

செனட் சபையாவது சிறிய சபை. பிரதிநிதிகள் சபையோ பெரிது. அங்கே பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தால் பொழுது போகும், பொறுமையும் போகும். எழுத்தர் பட்டியலின் தலையிலிருந்து கால் வரை ஒவ்வொரு பெயராகப் படிப்பார், பதில் வரும், குறித்துக்கொள்வார், விட்டுப்போனவர்களை மறுபடி கூப்பிடுவார். இப்படி ஒரு தடவை அல்ல, ஒரே நாளிலே பல தடவை. கம்பியின் மறுமுனையிலே உட்கார்ந்து, ஆம் என்றவர் பெயரையும் இல்லை என்றவர் பெயரையும் எழுதி எழுதிக் கை சலித்த இளைஞருக்கு ஒரு யோசனை தோன்றியது. மின்சாரம் ஒரு நொடியிலே பல நூறு கல் தொலைவுக்குச் சேதி சொல்லுகிறதே, ஒரே மண்டபத்துக்குள் இருப்பவர்களின் வாக்கைச் சொல்லாதா? வாஷிங்டன் நகர மன்றமும் நியூயார்க் மாநிலச் சட்டமன்றமும் அத்தகைய கருவியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த நேரமும் அதுதான். இளைஞர் உட்கார்ந்தார், செய்து முடித்தார்.

பொறி எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். தொழிலாளத் தோழர்கள் அதைக் கேட்காமல் விடமாட்டார்கள். உறுப்பினர் ஒவ்வொருவருடைய இருக்கையிலும் ஒரு விசை. ஒரு பக்கம் தள்ளினால் ஆம், மறுபக்கம் தள்ளினால் இல்லை. ஒவ்வொரு விசையிலிருந்தும் எழுத்தரின் மேசைக்குக் கம்பி. மேசைமீதுள்ள கருவியிலே எல்லா உறுப்பினர்களின் பெயர்களும் உலோக அச்செழுத்திலே இரண்டு வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கும்; ஒரு வரிசை ஆம், ஒரு வரிசை இல்லை. எழுத்தர், இரசாயனத்தில் நனைத்த தாளை அதன்மீது பரப்பி, உலோக உருளையை உருட்டுவார். எந்த வரிசையில் மின்சாரம் பாய்கிறதோ, அந்த வரிசையில் உள்ள பெயரின் மீது தாள் நிறம் மாறும், பெயர் பதியும். மையும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். இரு புறமும் கடிகார முகம் போன்ற இரண்டு வட்டுகள். ஆம் இத்தனை, இல்லை இத்தனை என்று முள் காட்டும். யார் எப்படி வாக்களித்தார் என்பதும் தெரியும், மொத்தம் எவ்வளவு என்பதும் தெரியும். உருளை ஒரு முறை உருண்டால் கணக்கு முடிந்தது!

இந்தப் பொறியின் காப்புரிமை மனுவைக் கவனித்த வழக்கறிஞர் கரோல் ரைட் என்பவர். பிற்காலத்தில் அமெரிக்க நாட்டின் முதல் தொழிலாளர் ஆணையராக வந்து, தொழிலாளியின் கூலியையும் வேலை நேரத்தையும் புள்ளி விவரமாகத் திரட்டி நாட்டின் முன் வைத்தவர் அவரேதான். வாக்கை எண்ணும் பொறிக்கு மனுப் போட்டவர், பின்னர் உழைப்பை எண்ணும் வேலைக்குப் போனார்!

உடன் வேலை பார்த்த ராபர்ட்ஸ் என்ற தந்தி ஊழியர் 100 டாலர் கொடுத்துப் பொறியிலே பங்கு வாங்கினார். அதை வாஷிங்டனுக்கு எடுத்துச் சென்று, காங்கிரஸ் குழு ஒன்றின் முன்னால் இயக்கிக் காட்டினார். விசை தள்ளப்பட்டது. உருளை உருண்டது. பெயர்கள் பதிந்தன. குழுத் தலைவர் பார்த்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தால், உலகத்திலே தமக்கு வேண்டவே வேண்டாத கண்டுபிடிப்பு ஒன்று உண்டென்றால் அது இதுதான் என்ற பொருள்படப் பேசி அனுப்பிவிட்டார்!

ஏன்?

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. அமெரிக்க அரசியல் சட்டத்திலே ஒரு விதி. வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் கேட்டால் போதும், பெயர் வாரியாக வாக்கெடுத்துக் குறிப்பேட்டிலே பதிய வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு என்பது சிறு கூட்டம். ஆட்சி அமைக்க முடியாத கூட்டம், சட்டம் இயற்ற முடியாத கூட்டம். ஆனால் அந்தச் சிறு கூட்டத்துக்கு ஒரு படைக்கலம் அந்த விதியிலே இருந்தது. பெரும்பான்மையினர் தீய சட்டம் ஒன்றை அவசர அவசரமாக நிறைவேற்றப் பார்க்கிறார்களா? பெயர் கூப்பிடு! ஒத்திவைப்புத் தீர்மானமா? அதற்கும் பெயர் கூப்பிடு! மறுபடியும் ஒரு தீர்மானம், மறுபடியும் பெயர்! நேரம் ஓடும். அந்த நேரத்திலே மனம் மாறக்கூடியவனிடம் பேசலாம், வராதவனை வரவழைக்கலாம், வெளியிலே பத்திரிகைக்காரனுக்குச் செய்தி போகும், மக்கள் விழித்துக்கொள்வர். அந்தப் பொறி வந்தால்? விசையைத் தள்ளு, உருளையை உருட்டு, சட்டம் நிறைவேறியது, வீட்டுக்குப் போ! எண்ணிக்கை குறைந்தவனுக்கு மீதமிருந்தது நேரம் ஒன்றுதான். அந்த நேரத்தையே விழுங்கிவிடும் பொறியைச் செய்து கொண்டுவந்திருந்தார் நமது இளைஞர்.

எதிர்க் கட்சி வரிசையிலே உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது எளிதாக விளங்கும். கை தூக்கும் கூட்டம் எதிரே மலைபோல் அமர்ந்திருக்கும்போது, தோற்கப் போகிறோம் என்று தெரிந்தும், கோட்டக் குரல் எழுப்பிப் பிரிவினை வாக்கெடுப்பு கேட்பதில் ஒரு பொருள் உண்டு. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது ஏட்டிலே ஏற வேண்டும்.

ஆனால், தோழர்களே, நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. அந்தக் குழுத் தலைவர் சிறுபான்மையின் உரிமைக்காகக் கண்ணீர் வடித்தார் என்று நாம் எண்ணிவிட வேண்டியதில்லை. பெயர் கூப்பிடும் அந்த அரைமணி, முக்கால்மணி நேரம், நல்லவனுக்கும் பயன்பட்டது, தரகனுக்கும் பயன்பட்டது. ஒரு வாக்குக்கு ஒரு பதவி, ஒரு வாக்குக்கு ஒரு ரயில்பாதை, ஒரு வாக்குக்கு ஓர் ஒப்பந்தம் என்று பேரம் பேச நேரம் வேண்டாமா? அடிமைத்தளை அறுந்த கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை தரும் திருத்தம் 1869 பிப்ரவரியில் அதே காங்கிரஸிலே நிறைவேறியது. பின்னாளில் அந்த மக்களைக் காக்க வந்த சட்டங்களைச் செனட் சபையிலே நாட்கணக்கில் பேசிப் பேசியே சாகடித்தவர்களும், தங்களைச் சிறுபான்மை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். படைக்கலம் நல்லதா கெட்டதா என்பது அதைப் பிடித்த கையைப் பொறுத்தது. 1890-ஆம் ஆண்டிலே பிரதிநிதிகள் சபையில் இன்னொரு கூத்து. பெயர் கூப்பிடும்போது எதிர்ப்பாளர்கள் இருக்கையிலே இருந்தபடியே வாய்மூடி மௌனியாவார்கள். வந்தவர் தொகை போதவில்லை என்று சபை முடங்கும். சபாநாயகர் ரீட் பார்த்தார். கண்ணுக்கு எதிரே உட்கார்ந்திருப்பவர்களைப் பெயர் பெயராகச் சொல்லி, வந்தவர் என்று எழுதிக்கொள்ளச் செய்தார். கூச்சல் மூன்று நாள் ஓயவில்லை. பெயர் கூப்பிடுவது என்ற சாதாரணக் காரியத்துக்குள்ளே இத்தனை போர்!

22 வயது இளைஞருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? தந்திக் கம்பியிலே வாக்கின் எண்ணிக்கைதான் வரும்; வாக்குக்குப் பின்னால் நடப்பது வராது. அவருக்கு நேரம் வீணாவதுதான் தெரிந்தது. அந்த வீண் நேரத்தை நம்பி வாழ்ந்தவர்களைத் தெரியவில்லை. கலகம் செய்து கனடாவை விட்டோடிய தந்தையைக் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பார்.

இந்தத் தோல்வியிலிருந்து எடிசன் ஒரு பாடம் கற்றுக்கொண்டார். அதை வாழ்நாளெல்லாம் பலரிடமும் சொல்லி வந்தார். விற்காத பொருளைக் கண்டுபிடிப்பதில்லை என்பதே அது. முதலில் தேவை இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகுதான் கருவியிலே கை வைப்பது. அறிவுடைய பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் நமக்கு ஒரு குறை. மக்கள் மன்றத்துக்கு எது தேவை என்ற கேள்வியிலே கால் வைத்தவர், சந்தைக்கு எது தேவை என்ற கேள்விக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் வாக்குப் பொறியை அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதே 1869-இல் நியூயார்க் சென்றார். கையிலே காசில்லை. தங்கத்தின் விலையைத் தந்தி மூலம் வியாபாரிகளுக்கு அறிவிக்கும் கம்பெனியிலே ஒரு நாள் கருவி நின்றுபோய், எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருக்க, பழுதைக் கண்டுபிடித்துச் சரி செய்தார். வேலை கிடைத்தது. பங்கு விலை காட்டும் கருவியைத் திருத்தினார், பணம் வந்தது. சட்டமன்றம் வேண்டாம் என்ற கைக்குப் பங்குச் சந்தை தங்கக் காப்புப் போட்டது! பிறகு நடந்தவை ஊரறிந்தவை. 1876-இல் மென்லோ பார்க் சோதனைச்சாலை. 1877-இல் ஒலியைப் பதிந்து திருப்பிச் சொல்லும் கருவி. 1879-இல் விளக்கு. 1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெருவிலே மின்சார நிலையம்.

பாராட்ட வேண்டியதைப் பாராட்டினோம். உழைப்பாளர் ஏடு மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். விளக்குத் தொழிற்சாலையிலே, கண்ணாடிக் குமிழுக்குள் இழையை வைத்து மூடுவது நுட்பமான வேலை. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஏறக்குறைய 80 பேர். அவர்கள் சங்கம் அமைத்தனர், உரிமை கேட்டனர். எடிசன் பேச்சுவார்த்தைக்கு உட்காரவில்லை. அந்த வேலையைச் செய்யும் யந்திரத்தைக் கண்டுபிடிக்க உட்கார்ந்தார். முப்பது யந்திரங்கள் தயாரானதும் சங்கம் வெளியேறியது. இதை முதுமையிலே அவரே நகைச்சுவைபோல் சொல்லி மகிழ்ந்திருக்கிறார். 1886-இல் நியூயார்க்கிலிருந்த அவருடைய யந்திரத் தொழிற்சாலையிலே வேலை நிறுத்தம் வந்தபோது, தொழிற்சாலையையே பெயர்த்துக்கொண்டு ஸ்கெனெக்டடி என்ற ஊருக்குப் போனார். வாக்குப் பொறியிலே சிறுபான்மையின் நேரத்தை மறந்தார், அது இளமையின் அறியாமை. விளக்குப் பொறியிலே தொழிலாளியின் உரிமையை மிதித்தார், அதை அறியாமை என்று நாம் எழுத மாட்டோம்.

எதிர்த்துப் போட்டியிட்டவர்களின் மாறு மின்னோட்டம் ஆபத்தானது என்று காட்ட, அவருடைய சோதனைச்சாலையிலே விலங்குகளை மின்சாரத்தால் கொன்று காட்ட இடம் கொடுத்ததும் உண்டு. இறுதியிலே வென்றது அந்த மாறு மின்னோட்டமே. எக்ஸ்ரே ஆராய்ச்சியிலே அவருக்குக் கையும் காலுமாக நின்ற கண்ணாடித் தொழிலாளி கிளாரன்ஸ் டாலி, அந்தக் கதிர் பட்டுக் கைகள் அழுகி, 1904-இல் மாண்டார். அதற்குப் பிறகு எடிசன் அந்தக் கதிரின் பக்கம் போகவில்லை. டாலியின் பெயர் எந்தப் பாடப் புத்தகத்தில் இருக்கிறது?

வாக்குப் பொறிக்குத் திரும்புவோம். எடிசன் கைவிட்டதை உலகம் கைவிடவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். எடிசனின் பொறி, பேரையும் வாக்கையும் சேர்த்துக் காட்டுவது. மன்றத்திலே உட்காரும் பிரதிநிதிக்கு அது பொருந்தும். அவன் நமக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன். வாக்களிக்கும் ஏழைக்கோ நேர்மாறான பொறி வேண்டும். அவன் யாருக்குப் போட்டான் என்பது பண்ணையாருக்கும் தெரியக்கூடாது, முதலாளிக்கும் தெரியக்கூடாது. இங்கிலாந்திலே தொழிலாளர் இயக்கமான சார்ட்டிஸ்டுகள் 1838-இல் வெளியிட்ட மக்கள் சாசனத்திலேயே இரகசிய வாக்கைக் கேட்டு, அதற்கென ஒரு பொறியின் படத்தையும் போட்டிருந்தனர். பெஞ்சமின் ஜாலி என்பவர் வரைந்து தந்தது. பித்தளைக் குண்டை ஓட்டையிலே போட்டால் வாக்கு எண்ணப்படும். அமெரிக்காவிலே ஜேக்கப் மையர்ஸ் என்பவரின் நெம்புகோல் பொறி 1892 ஏப்ரலில் லாக்போர்ட் என்ற ஊர்த் தேர்தலிலே முதன்முதலாகப் பயன்பட்டது.

இந்தியாவிலே 1982 மே மாதம் கேரளத்துப் பரூர் தொகுதியின் 50 சாவடிகளில் மின்னணுப் பொறி வைத்தார்கள். 123 வாக்கு வித்தியாசத்தில் தோற்றவர் வழக்குப் போட்டார். பொறியிலே வாக்கெடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் கூற, அந்தச் சாவடிகளிலே சீட்டு முறையில் மறுபடி வாக்கெடுத்தனர், முடிவே மாறிப்போனது! பிறகுதான் சட்டம் திருத்தப்பட்டது. 2004 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் பொறி வந்தது. அந்தப் பொறியைப் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலே உருவாக்கியவர்களில் ஒருவர் ரங்கராஜன் என்ற தமிழ்ப் பொறியாளர். சுஜாதா என்ற பெயரிலே அவர் எழுதிய கதைகளைத் தமிழகம் நன்கறியும்.

எடிசன் எண்ணிய இடத்துக்கே, அதாவது மன்றத்துக்கே, அவருடைய எண்ணம் மெல்ல மெல்லத்தான் வந்து சேர்ந்தது. 1917-இல் விஸ்கான்சின் மாநிலச் சட்டமன்றம் முதன்முதலாக மின் வாக்குப் பொறியைப் பொருத்தியது. நமது மக்களவையில் 1957-இல் தானே பதியும் கருவி வந்தது. எந்தக் காங்கிரஸ் அவருடைய பொறியைத் திருப்பி அனுப்பியதோ, அந்தக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை 1973-இல்தான் மின்னணு வாக்குப் பதிவை ஏற்றது. காப்புரிமை பெற்று 104 ஆண்டுகள் கழித்து! செனட் சபை இன்றளவும் பெயர் கூப்பிட்டுத்தான் வாக்கெடுக்கிறது.

பொறி வந்தபின் பிரதிநிதிகள் சபையிலே வாக்கெடுப்பு ஒரு நொடியிலே முடிகிறதா என்றால், அதுதான் இல்லை. குறைந்தது 15 நிமிடம் பொறி திறந்திருக்கும் என்று விதி செய்தார்கள். குறைந்தது என்றுதான் சொன்னார்கள். அதிகம் எவ்வளவு என்பதைத் தலைமையின் கையிலே விட்டார்கள். 2003 நவம்பர் 22-ஆம் நாள், முதியோருக்கான மருந்துச் செலவுச் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. விடியற்காலை மூன்று மணி அளவில் பொறி திறந்தது. 15 நிமிடம் ஆயிற்று; ஆட்சித் தரப்பு தோற்றுக்கொண்டிருந்தது. பொறியை மூடவில்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு மணி ஆயிற்று. வேண்டாம் என்று விசை அழுத்தியவர்களைத் தலைவர்கள் மூலைக்கு மூலை மடக்கிப் பேசிக்கொண்டிருந்தனர். அன்று சிறுபான்மையின் படைக்கலமாக இருந்த நேரம், இப்போது பெரும்பான்மையின் பைக்குள்ளே இருந்தது. பொழுது விடிவதற்குச் சற்று முன், வேண்டிய எண்ணிக்கை சேர்ந்ததும் பொறியை மூடினார்கள். பதிவான கணக்கு: ஆதரவு 220, எதிர்ப்பு 215.